ஓதும் மறையும் உணரும் தமிழும்

காஞ்சி மாநகரைப் பற்றிப் பேசுவோர் கோயில்களையும் பட்டையும் புகழ்ந்துவிட்டு அமைவது வழக்கம். அவ்விரு புகழோடும் ஒப்பவைத்து எண்ணத்தக்க மூன்றாவது புகழ் ஒன்றும் அந்நகருக்கு உண்டு. அது, நூல் ஓதும் நகரம் என்னும் புகழாகும். கடம்ப மரபின் முதல்வனாகிய மயூரசர்மன் 4ஆம் நூற்றாண்டில் தன் ஆசிரியரோடு காஞ்சிக் கடிகைக்கு வேதம் பயிலச் சென்ற செய்தியைக் கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. 7ஆம் நூற்றாண்டில் பௌத்த நூல்களைத் தேடிப் புறப்பட்ட சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியில் ஏறத்தாழ 100 பௌத்தப் பள்ளிகளும் 10,000 பிக்குகளும் இருந்தனர் என்று எழுதி வைத்தார். நகரின் புறத்தே திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் தம் ஆகமங்களைப் போற்றினர். வஞ்சி மாநகரில் சமயவாதிகள் பலருடைய கொள்கைகளையும் கேட்டு வந்த மணிமேகலை, முடிவில் காஞ்சியிலேயே அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தெளிந்தாள் என்று காப்பியம் பேசுகிறது.

இத்தகைய நகரத்தில் மூன்று கேள்விகள் வழிவழியாக எழுந்துகொண்டே இருந்தன. இறைவனுடைய சொல் என்று கொள்ளத்தக்கது யாது? அதனைச் சிதையாமல் காப்பது எங்ஙனம்? அதனை எம்மொழியில் ஓதுவது, எம்மொழியில் உணர்வது? வைதிகரும் பௌத்தரும் சமணரும் சைவரும் வைணவரும் இக்கேள்விகளுக்குத் தத்தம் வழியில் விடை கண்டனர். இதே கேள்விகளுக்குத் தமிழ்நாட்டு முஸ்லிம்களும் விடை கண்டார்கள் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவ்விடை ஒரு நாளில் கிடைத்ததன்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுக் கால உழைப்பின் பயனாகக் கிடைத்தது. அவ்வரலாற்றையே இப்பேச்சில் எடுத்துக்கொள்ள விழைகிறேன்.

முதலில் இஸ்லாமியர் தம் நம்பிக்கையை விளங்கிக்கொள்வோம். ஈமான் எனப்படும் நம்பிக்கைக்கு உறுப்புகள் ஆறு என்பர். இறைவனை நம்புதல், வானவரை நம்புதல், வேதங்களை நம்புதல், தூதர்களை நம்புதல், இறுதி நாளை நம்புதல், இறைவனின் நியமத்தை நம்புதல் என்பன அவை. மூன்றாவதாக உள்ளது 'வேதத்தை' நம்புதல் அன்று. 'வேதங்களை' நம்புதல் என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். மூஸா நபிக்குத் தௌராத்தும், தாவூது நபிக்குச் சபூரும், ஈஸா நபிக்கு இன்ஜீலும், முகம்மது நபிக்குக் குர்ஆனும் அருளப்பெற்றன என்பது அவர்தம் கொள்கை. இப்ராஹீம் முதலிய முன்னோர்க்குச் சுஹுபு எனப்படும் சிற்றேடுகள் இறங்கின என்றும் நம்புகின்றனர். சிற்றேடுகள் 100, பெருவேதங்கள் 4, ஆக 104 என்று எண்ணிச் சொல்வது மரபு. முந்திய வேதங்கள் இறைவனிடமிருந்தே வந்தவை. ஆயினும் இன்று வழங்கும் வடிவில் அவை முற்றும் பழைய நிலையில் இல்லை. இறுதியாக வந்த குர்ஆனே மாறாமல் நிலைபெற்றது என்பது முஸ்லிம்களின் துணிபு.

ஒவ்வொரு சமுதாயத்திற்கும் ஒரு தூதர் வந்ததுண்டு என்றும், ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பெற்றார் என்றும், பெயர் சொல்லப்பட்ட தூதர்களேயன்றிப் பெயர் சொல்லப்படாத தூதர்களும் உண்டு என்றும் குர்ஆனே கூறுகிறது. அரபு நாட்டிற்கு வெகு தொலைவில் வேறொரு பழமையான மொழியைப் பேசிவந்த மக்கள் இக்கருத்தைக் கேட்டபோது, 'எங்கள் மொழியும் இறைவன் அறிந்த மொழியே' என்னும் உறுதி அவர்களுக்குப் பிறந்திருத்தல் இயல்பே அன்றோ?

ஆனால் இதே நம்பிக்கையில் ஓர் இடர்ப்பாடும் அடங்கியிருந்தது. கி.பி. 610ஆம் ஆண்டளவில் மக்காவை அடுத்த ஹிராக் குகையில் ஜிப்ரயீல் என்னும் வானவர் வாயிலாக முகம்மது நபிக்கு முதல் அருள்வாக்கு வந்தது. அதன் முதற் சொல்லே 'ஓதுக' என்னும் ஏவல். அன்று தொடங்கி, 632ஆம் ஆண்டில் நபிகள் மறையும் வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக இறங்கிய வாக்குகளே 114 அத்தியாயங்களாக அமைந்தன. நபிகளின் காலத்தில் அவை மனனத்திலும் ஓலை, எலும்பு, தோல் முதலியவற்றிலும் காக்கப்பெற்றன. அபூபக்கர் ஆட்சியில் ஸைது இப்னு தாபித் என்பார் அவற்றைத் தொகுத்தார். உஸ்மான் ஆட்சியில் ஒரே படிவம் நிலைநாட்டப்பெற்றது. 'குர்ஆன்' என்னும் பெயருக்கே 'ஓதப்படுவது' என்பது பொருள். பொருள் மட்டுமன்று, அரபுச் சொல்லும் ஒலியும் இறைவனுடையவையே என்பது கொள்கை. அங்ஙனமாயின், சொல்லை மாற்றியபின் எஞ்சுவது இறைவாக்கு ஆகுமா?

இக்கேள்வி மிகப் பழையது. 767இல் மறைந்த இமாம் அபூஹனீபா, தொழுகையில் பாரசீக மொழியில் ஓதுவதும் செல்லும் என்று ஒரு கருத்தை வெளியிட்டார். அவருடைய மாணாக்கர், அரபு ஓத இயலாதவர்க்கு மட்டுமே அச்சலுகை என்று வரையறுத்தனர். 820இல் மறைந்த இமாம் ஷாபி அதனை அறவே ஏற்கவில்லை. தமிழகக் கடற்கரை ஊர்களில் ஷாபி நெறியினரும், உள்நாட்டில் ஹனபி நெறியினரும் மிகுதி. எனினும் இரு திறத்தாரும் தொழுகையில் அரபு மூலத்தையே ஓதிவந்தனர். ஆகவே தமிழ் முஸ்லிமின் முன் நின்ற சிக்கல் இதுதான்: ஓத வேண்டியது அறியாத மொழியில் உள்ளது, உணர வேண்டிய உள்ளமோ தமிழில் நினைக்கிறது.

இச்சிக்கலைத் தீர்க்க அவர்கள் எடுத்த முதல் அடி, சொற்களைத் தேர்ந்தெடுத்தது. அரபுச் சொற்களை மட்டுமே கொண்டு சமயத்தைப் பேசியிருக்கலாம். அவர்கள் அங்ஙனம் செய்யவில்லை. ஸலாத்தைத் 'தொழுகை' என்றனர். ஸவ்மை 'நோன்பு' என்றனர். வழிபடும் இடத்தைப் 'பள்ளிவாசல்' என்றனர். 'பள்ளி' என்பது காஞ்சியில் சமணரும் பௌத்தரும் தத்தம் இருப்பிடங்களுக்கு வழங்கிய சொல். தேவாரம் பாடுவோரை 'ஓதுவார்' என்கிறோம். வேதியர் வேதம் 'ஓதுகின்றனர்'. அதே வினைச்சொல்லைக் கொண்டே முஸ்லிமும் குர்ஆன் 'ஓதுகிறார்'. எழுதாக் கிளவி என்று பண்டைத் தமிழர் வேதத்திற்குப் பெயரிட்டனர். வாயினின்று செவிக்குச் செல்லும் சொல் அது. நெஞ்சிற் பதித்து வாயால் ஓதும் ஹாபிஸ்களை உடைய குர்ஆனுக்கும் அம்மரபுச் சொல் எளிதாகப் பொருந்திற்று.

எல்லாவற்றினும் துணிவான தேர்வு, குர்ஆனையே 'வேதம்' என்றும் 'மறை' என்றும் அழைத்தது. 'மறை' என்னும் சொல்லில் மறைத்துக் காக்கப்படுவது என்னும் குறிப்பு உண்டு. குர்ஆனோ எல்லார்க்கும் வெளிப்படையாக அறிவிக்கப்படுவது. அதனை வெளிப்பாடு என்றே முஸ்லிம்கள் கொள்கின்றனர். இங்ஙனம் சொல்லின் பழைய குறிப்பு ஒருபுறமும் புதிய பொருள் ஒருபுறமும் நின்றபோதிலும், தமிழர் காதுக்கு 'மறை' என்றவுடனே எழும் மதிப்புணர்ச்சி வேறு எச்சொல்லாலும் எழாது என்பதை அப்புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். இன்றும் 'திருமறை' என்பது தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் சொல்லாகும்.

இரண்டாவது அடி, வேதத்தைச் சூழ்ந்த செய்திகளைத் தமிழ்ப் பாட்டாக்கியது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது, 1572இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா' என்னும் அதிசய புராணம். வண்ணப் பரிமளப் புலவர் இயற்றியது. தௌராத்தைக் கற்றுத் துறைபோகிய யூத அறிஞர் அப்துல்லா இப்னு ஸலாம் நபிகளிடம் வந்து கேள்விமேல் கேள்வி தொடுக்க, நபிகள் விடை பகர்வதே நூலின் அமைப்பு. ஒரு வேதத்தைக் கற்றவர் மற்றொரு வேதத்தைத் தந்தவரை வினவுகிறார். விடைகள் தம் நூலறிவோடு ஒத்திருக்கக் கண்டு ஏற்கிறார். அரபு மூலத்தையுடைய இவ்வினாவிடைக் கதை 1143ஆம் ஆண்டளவிலேயே லத்தீனில் பெயர்க்கப்பட்டது. மலாய் மொழியிலும் ஜாவானிய மொழியிலும் பரவியது. தமிழகத்தில் அது புராண வடிவம் பூண்டு புலவர் அவை ஏறியது. வாதமும் வினாவும் நிறைந்த மணிமேகலை மரபில் வந்த நாட்டிற்கு இந்நூல் அயலாகத் தோன்றியிராது.

அடுத்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜிறத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களையுடைய அப்பெருங்காப்பியத்தில், ஹிராக் குகையில் அருள்வாக்கு இறங்கிய நிகழ்ச்சி நடுக் காண்டத்தின் தொடக்கத்தில் அமைந்துள்ளது. காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறிய மரபைக் கேட்டு வளர்ந்த தமிழர், அதே காப்பிய நடையில், அதே நாட்டுப்படல நகரப்படல வரிசையில், அரபு நாட்டு நபியின் வரலாற்றைக் கேட்டனர். சீறாப்புராணம் 1842இல் அச்சேறியது. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளுதல் வேண்டும். உமறு வேதம் இறங்கிய கதையைப் பாடினாரேயன்றி, வேதத்தைப் பெயர்த்துப் பாடினாரில்லை. வாயிற்படி வரை அழைத்துச் சென்ற தமிழ், உள்ளே புகாமல் நின்றது.

மூன்றாவது அடி அரபுத் தமிழ். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் முறை இது. அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகளே உள்ளன. நம் ழகரம், ளகரம், ணகரம், ஙகரம் முதலியவற்றிற்கு அவற்றுள் இடமில்லை. ஆகவே இருக்கும் எழுத்துகளின்மேல் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் இம்முறை தழைத்தது. குர்ஆன் ஓதப் பழகிய எவரும், தமிழ் எழுத்துக் கல்லாதவரும், இந்நூல்களைப் படிக்க முடிந்தது. வீட்டிலிருந்த பெண்டிர்க்கு இது பெரும் பயன் அளித்தது. அரபுச் சொற்கள் உச்சரிப்புப் பிழையின்றி நூலில் நின்றன; தமிழ் விளக்கம் அவற்றோடு கலந்து ஓடிற்று. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இத்துறையில் பெயர்பெற்ற ஆசிரியர். 19ஆம் நூற்றாண்டில் குர்ஆன் விரிவுரைகளும் அரபுத் தமிழில் தோன்றலாயின. தமிழ் உள்ளே புகுந்துவிட்டது. ஆனால் அரபு எழுத்தாகிய ஆடையை அணிந்துகொண்டே புகுந்தது.

இனி நாம் பாலாற்றங்கரைக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு என்னும் ஊர்களை அடுத்து ஓடிவரும் பாலாறு, காஞ்சியின் தென்புறமாகச் சென்று கடலை அடைகிறது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்குக் காஞ்சியும் உட்பட்டிருந்தது. காஞ்சியில் ஒலிமுகமதுபேட்டை என்னும் பெயரே முஸ்லிம்களின் இருப்பைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. இப்பள்ளத்தாக்கின் ஒரு முனையில் காஞ்சிக் கடிகை பண்டைக் காலத்தில் வேதக் கல்வி அளித்தது போலவே, 19ஆம் நூற்றாண்டில் மற்றொரு முனையில், வேலூரில், ஷா அப்துல் வஹ்ஹாப் அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா இஸ்லாமிய வேதக் கல்வியைப் பரப்பியது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் தாருஸ்ஸலாம் கலாசாலை தோன்றியது.

இப்பள்ளத்தாக்கில் உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். உருது பேசுவோர்க்கு வேதத்தின் பொருள் முன்னரே கிடைத்துவிட்டது. தில்லியில் ஷா வலியுல்லா 18ஆம் நூற்றாண்டில் குர்ஆனைப் பாரசீகத்தில் பெயர்த்தார். அவருடைய புதல்வர் ஷா அப்துல் காதிர் 1790இல் உருதுவில் பெயர்த்து முடித்தார். வங்க மொழியில் பிரம சமாஜத்தைச் சேர்ந்த கிரீஷ் சந்திர சேன் 1881 முதல் 1886 வரை பெயர்த்து வெளியிட்டார். தமிழில், தமிழ் எழுத்தில், முழுமையான பெயர்ப்பு அதுவரை இல்லை. அண்டை வீட்டார் தம் மொழியில் பொருள் உணர, தான் பொருளறியாமல் ஓதிவரும் நிலை தமிழ் முஸ்லிமுக்கு இருந்தது. திருமணத்தில் ஓதுவதும், நோயுற்றார் தலைமாட்டில் ஓதுவதும், இறந்தார்க்காக ஓதுவதும் அவ்வேதத்தையே. வாழ்வின் ஒவ்வொரு படியிலும் உடன்வரும் சொல், என்ன சொல்கிறது என்று தெரியாமலே இருப்பது எத்துணை பெரிய குறை!

அக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் தலையாயவர், வேலூர் மதரஸாவில் பயின்று 'பாகவி' என்னும் பட்டம் பெற்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி. அவருடைய பெயர்ப்பின் முதற் பகுதி 1929இல் வெளிவந்தது. முழு நூல் 1949இல் வெளிவந்தது. இடையே 20 ஆண்டுகள்! ஷா அப்துல் காதிரின் உருதுப் பெயர்ப்புக்கும் இதற்கும் இடையே 159 ஆண்டுகள்! 'தாருல் இஸ்லாம்' இதழின் ஆசிரியர் பா. தாவூத் ஷாவும் குர்ஆனுக்குத் தமிழில் பொருளும் விரிவுரையும் எழுதி, தமிழிலே சமயத்தைச் சிந்திக்கலாம் என்னும் எண்ணத்தை வளர்த்தார். பின்னர் வேறு பல பெயர்ப்புகளும் வந்தன.

பாகவியின் நூற்பெயர் 'தர்ஜமத்துல் குர்ஆன்' என்று தொடங்குகிறது. 'தர்ஜமா' என்றால் மொழிபெயர்ப்பு. தமிழ்க் குர்ஆன் என்று பெயரிடாமல் குர்ஆனின் மொழிபெயர்ப்பு என்று பெயரிட்டதில் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. ஹைதராபாத்தில் பணிபுரிந்த ஆங்கிலேய முஸ்லிம் பிக்தால் 1930இல் வெளியிட்ட ஆங்கில நூலும், குர்ஆன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. குர்ஆனின் பொருள் என்றே சொல்லிக்கொண்டது.

பெயர்ப்பின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குர்ஆனின் தொடக்கத்திலேயே 'ரஹ்மான்', 'ரஹீம்' என இறைவனின் திருப்பெயர் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் ஒரே வேரினின்று பிறந்தவை. கருப்பையைக் குறிக்கும் அரபுச் சொல்லும் அவ்வேரினதே. தாய் வயிற்றின் கனிவு அவ்வொலியிலேயே கலந்திருக்கிறது. தமிழில் பெயர்ப்போர் 'அருள்', 'அன்பு' என்னும் சொற்களைத் துணைக்கொள்கின்றனர். பொருள் வந்துவிடுகிறது, ஒரே வேரின் ஒலியுறவு வருவதில்லை. ஆனால் தமிழ் தன் வழியில் ஈடுசெய்கிறது. அருளை அன்பு ஈன்ற குழந்தையாகக் கண்டவர் வள்ளுவர். அரபு கருப்பையை நினைவூட்ட, தமிழ் தாயையும் சேயையும் நினைவூட்டுகிறது. இழந்ததும் பெற்றதும் இங்ஙனம் ஒருங்கே நிகழ்கின்றன. இழந்ததை அறிந்தவரே மூலத்தைப் போற்றுவர். பெற்றதை அறிந்தவரே பெயர்ப்பைப் போற்றுவர்.

நேயர்களே, இவ்விடத்தில் காஞ்சியை மீண்டும் நோக்குவோம். வரதராசப் பெருமாள் வீதியுலாவில் திவ்வியப் பிரபந்தம் ஓதும் குழுவினர் பெருமாளுக்கு முன்னே செல்வர். வடமொழி வேதம் ஓதுவோர் பின்னே வருவர். காஞ்சித் தூப்புலில் 1268இல் தோன்றிய வேதாந்த தேசிகர் முதலானோர் இரண்டையும் வேதமெனக் கொண்டு 'உபய வேதாந்தம்' என்றனர். அங்கே தமிழ், வேதத்தின் பெயர்ப்பாக நில்லாமல், தானே வேதமாயிற்று. கிறிஸ்தவர் வழி வேறு. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். கிறிஸ்தவத் தமிழர்க்குத் தமிழ் வேதாகமமே ஓதும் வேதம். முஸ்லிம்கள் மூன்றாவது வழியைக் கொண்டனர். தமிழ் எத்துணை அழகாக அமைந்தாலும் அது வேதம் ஆகாது; ஆனால் தமிழின்றி வேதம் உள்ளத்தில் இறங்காது. ஓதுவதற்கு அரபு, உணர்வதற்குத் தமிழ். இம்மூன்று வழிகளுள் ஏற்றத்தாழ்வு காண்பது நம் வேலையன்று. ஒரே மொழி, மூன்று சமயத்தார் கையில் மூன்று வகையான பொறுப்பை ஏற்று நின்றது என்பதே நாம் அறிந்து மகிழத்தக்கது.

காஞ்சி நெசவாளர் சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு நாடாக் கொண்டு நெய்து, இரண்டையும் கோர்வையால் பிணைப்பர். பிணைப்பு எளிதில் பிரியாது. அதற்காக ஒரு நிறம் மற்றொன்றில் கரைந்துவிடுவதும் இல்லை. அரபு மூலமும் தமிழ்ப் பொருளும் சேர்ந்து அச்சாகும் திருமறைப் பதிப்புகளைக் காணுந்தோறும் அக்கோர்வையே நினைவிற்கு வரும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. புதிய வேதத்தை ஏற்றவர்கள் தம் பழைய மொழியைக் கைவிடவில்லை. மொழியைப் போற்றியவர்கள் வேதத்தின் தூய்மையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. விரைந்து முடிவு காணாமல், சொல்லைத் தேர்ந்து, பாட்டைப் பாடி, எழுத்தை அமைத்து, இறுதியில் பொருளை எழுதினர். ஓதுகின்ற ஒருவர் தாம் ஓதுவது இன்னதென்று உணரும் நாளிலேதான் அவ்வோதலுக்கு உயிர் உண்டாகிறது. ஒலியைக் காத்தவர்க்கும் பொருளைத் தந்தவர்க்கும் அவ்வகையில் நாம் ஒருங்கே கடமைப்பட்டிருக்கிறோம்.